ஆவணியில் மண்வேலை, தையில் புல்

கேள்வி: தக்கலைக்குப் பக்கம் எங்கள் வீடு. நான் பள்ளி ஆசிரியை, கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். மூத்த பையன் எட்டாம் வகுப்பு, இளையவன் ஐந்தாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் பந்து என்றால் உயிர். வீட்டுக்குப் பின்னால் 9 சென்ட் விளை (தோட்ட நிலம்) சும்மா கிடக்கிறது. அதில் நின்ற வயதான தென்னைகள் ஆறையும் போன மாதம் முறித்துவிட்டோம். அங்கே செயற்கைப் புல் டர்ஃப் போட ஒரு காண்ட்ராக்டர் சதுர அடிக்கு 280 ரூபாய் கேட்கிறார், மொத்தம் 11 லட்சம் வருகிறது. மண் நிரப்பி, நான்கு அங்குலம் காங்கிரீட் போட்டு, மேலே புல்லை ஒட்டி ஒரே மாதத்தில் முடித்துத் தருவாராம். பணத்துக்கும் அவரே ஒரு ஃபைனான்ஸ் காட்டுகிறார்: 11 சதவீத வட்டி, 5 வருடம், முழுத்தொகையும் கிடைக்கும். பேங்கில் பர்சனல் லோனுக்கு 14 சதவீதம் என்றார்கள். மாலையில் வெளிப் பையன்களுக்கு மணிக்கு 800 ரூபாய் வாடகைக்கு விட்டால் தவணை தானாக அடைந்துவிடும் என்கிறார். என் கையிருப்பு 4 லட்சம். இதைச் செய்யலாமா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

செய்யலாம். ஆனால் அவர் சொல்லும் அளவில் வேண்டாம், அந்த அவசரத்திலும் வேண்டாம், அந்தக் கடனில் கண்டிப்பாக வேண்டாம். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்துப் பதினைந்து வருடமாக மைதான வேலை செய்கிறவன் என்ற முறையில் என் மனதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் விளையைப் பற்றி. ஆறு தென்னைகள் நின்ற இடம் என்றீர்கள். மரத்தை முறித்தாகிவிட்டது, மூடுகளை, அதாவது மண்ணுக்குள் இருக்கும் அடிக்கட்டைகளை, தோண்டி எடுத்தாகிவிட்டதா? நீங்கள் எழுதியதில் அது இல்லை, அவர் கொடுத்த கணக்கிலும் இருப்பதாகத் தெரியவில்லை. தென்னம்மூடு மண்ணுக்குள் இருந்தபடி மெதுவாக உளுத்துக் கரையும். மேலே எவ்வளவு அழகாக மண் நிரப்பிக் காங்கிரீட் போட்டாலும், இரண்டு மூன்று மழைக்காலம் கழிந்ததும் அந்த ஆறு இடங்களிலும் அடியில் பொள்ளல் (வெற்றிடம்) விழும். காங்கிரீட் விரியும், அதன்மேல் இருக்கும் புல் குழியும், அந்தக் குழியில் தண்ணீர் கட்டும். ஓடி வருகிற பையனின் கணுக்கால் சுளுக்குவது அந்த இடத்தில்தான். ஒவ்வொரு அடிக்கட்டையையும் வேரோடு எடுத்து, அந்தக் குழியை அரை அடி அரை அடியாக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். ஜேசிபி வந்து ஒரே தள்ளாகத் தள்ளி மூடிவிட்டுப் போனால் அது நிரப்பல் இல்லை.

அடுத்தது தண்ணீர். இந்தப் பதிலில் நான் அதிகம் எழுதப்போவது இதைப் பற்றித்தான். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. நமக்கு இடவப்பாதியும் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) உண்டு, துலாமழையும் (ஐப்பசி, கார்த்திகை மழை) உண்டு. வேளிமலைப் பக்கம் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2021 நவம்பரில் இந்த மாவட்டம் எப்படி மூழ்கியது என்று பார்த்தோம். வெளியூர் கம்பெனிகளின் விளம்பரத் தாளில் இருக்கும் அளவுகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஒத்துவராது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 அடிக்கு 36 அடி என்று ஒரு களம் எடுத்தால் 2,520 சதுர அடி, அதாவது சுமார் 234 சதுர மீட்டர். ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்தத் தரையில் மட்டும் 23,400 லிட்டர் விழுகிறது. பெரிய டேங்கர் லாரி இரண்டு வந்து கொட்டுகிற தண்ணீர் அது. அது எங்கே போகும்? காங்கிரீட் போட்டால் கீழே இறங்காது, சரிவு சரியில்லாவிட்டால் பக்கத்திலும் போகாது. புல்லின் அடித்துணிக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவில் தங்கும். அப்புறம் பாசி, வாடை, பசை விட்டுப்போதல் எல்லாம் வரிசையாக வரும். சரிவு சரியாக இருந்து வெளியே போனாலும், கையாலைக்கு (எல்லைச் சுவருக்கு) அந்தப் பக்கம் இருக்கிற வீட்டு முற்றத்துக்குள் போனால் அது வேறு சண்டை. நான் பார்த்த டர்ஃப் தகராறுகளில் பந்துச் சத்தத்துக்காக வந்ததைவிடத் தண்ணீருக்காக வந்ததுதான் அதிகம்.

எனக்குக் காங்கிரீட்டில் உடன்பாடு இல்லை. பிள்ளைகளின் முழங்காலுக்கும் அது கடினம். அதற்குப் பதிலாக மேல்மண்ணை வழித்து எடுத்துவிட்டு, கெட்டியான மண் தெரிந்ததும் ரோலர் ஓட்டி, மண்ணும் சல்லியும் கலக்காமல் இருக்க ஜியோ துணி விரித்து, அதன்மேல் 6 அங்குலம் சல்லி, அதற்குமேல் 2 அங்குலம் பாறைப்பொடி, இரண்டையும் தனித்தனியாக நனைத்து உருட்டிப் போடச் சொல்லுங்கள். 2,520 சதுர அடிக்குச் சல்லி மட்டும் உருட்டி முடித்த அளவில் 12.6 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வரும். உருட்டும்போது அமுங்குவதால் 15, 16 யூனிட் இறக்க வேண்டியிருக்கும். லோடு வரும்போது நீங்களோ வீட்டில் பெரியவர்கள் யாராவதோ நின்று எண்ணுங்கள். இந்த வேலையில் கணக்குக் குறைவது பெரும்பாலும் இங்கேதான். ஏனென்றால் மேலே புல் வந்துவிட்டால் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சரிவு நூற்றுக்கு ஒன்று இருந்தால் போதும். களத்தின் நடுக்கோட்டை உயர்த்தி இரண்டு பக்கமும் 18 அடி சரித்தால் நடுவில் சுமார் இரண்டேகால் அங்குல உயரம்தான் வரும். விளையாடுகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. சுற்றிலும் ஒரு காங்கிரீட் விளிம்புக்கட்டு, அதை ஒட்டி உட்புறம் ஓட்டை போட்ட 4 அங்குல பிவிசி குழாய், அது போய்ச் சேர ஒரு வண்டல் தொட்டி, அதற்கு அப்பால் உறிஞ்சு குழி. தண்ணீரை நேராகக் கிணற்றுக்கு விட்டுவிடாதீர்கள், புல்லிலிருந்து உதிரும் பிளாஸ்டிக் துகள் அதோடு வரும்.

இதைச் சொல்லும்போது என் கையால் நடந்த ஒரு தவறையும் சொல்லவேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஐப்பசி மாதத்தில் புல் ஒட்டினேன். இரண்டு நாள் நல்ல வெயில், இனி மழை இல்லை என்று நினைத்துவிட்டேன். அடித்தளத்தில் ஈரம் இருந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் இணைப்புகளில் பாதி வாய் பிளந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. "மக்கள் ஆசையாகக் காத்திருந்தார்கள்" என்று தன் பிள்ளைகளைப் பற்றி மட்டும் சொன்னார். தை மாதம் போய் என் செலவில் பிரித்துத் திரும்ப ஒட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மழை மாதங்களில் நான் பசை டின்னைத் திறப்பதில்லை.

ஒரு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்ற பேச்சு எனக்குப் பிடிக்காதது அதனால்தான். ஆவணியில் மழை விடுகிற இடைவெளி பார்த்து மண்வேலை, மூடு எடுப்பது, குழாய், சல்லி எல்லாம் முடித்துவிடுங்கள். பிறகு அப்படியே விடுங்கள். துலாமழை முழுவதும் அதன்மேல் பெய்யட்டும். எங்கே அமுங்குகிறது, எங்கே தண்ணீர் கட்டுகிறது என்பதை மழையே காட்டிக்கொடுக்கும். மார்கழி கடைசியில் பள்ளங்களைப் பாறைப்பொடியால் சரிசெய்து இன்னொருமுறை உருட்டி, தையிலோ மாசியிலோ புல் விரியுங்கள். அதுவரை பையன்கள் அந்தக் கெட்டித் தரையிலேயே செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு விளையாடலாம்.

அளவைப் பற்றி. 9 சென்ட் என்றால் 3,920 சதுர அடி. அதில் முழுவதும் புல் விரிக்க அவர் கணக்குப் போட்டிருக்கிறார். வலைக்கம்பம் எங்கே நிற்கும், குழாய் எங்கே போகும், பந்து எடுக்கப் போகிறவன் எங்கே நடப்பான்? நான்கு பக்கமும் இடம் விட்டு 70க்கு 36 அடி எடுத்தால் சின்னப் பிள்ளைகள் அணிக்கு நான்கு பேராக ஓடியாடப் போதும். கிரிக்கெட் பிட்சின் நீளம் 22 கெஜம், அதாவது 66 அடி. வலைப் பயிற்சி வேண்டுமென்றால் ஸ்டம்பைக் கொஞ்சம் கிட்டத்தில் நட்டுக்கொள்ளலாம். பேட்மிண்டன் களம் 44க்கு 20 அடிதான், உள்ளே அடங்கும். ஆனாலும் கால்பந்துப் புல்லில் பேட்மிண்டன் ஆடச் சொல்லமாட்டேன். கால் சட்டென்று திரும்பவேண்டிய ஆட்டம் அது. முன்முற்றத்துச் சிமெண்டுத் தரையில் கோடு போட்டுக் கொடுங்கள்.

புல்லை வாங்கும்போது படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரு முழம் சாம்பிள் கேளுங்கள். இழை பாலிஎத்திலீனா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பாலிபுரொப்பிலீன் விலை குறைவு, ஆனால் விறைப்பானது, விழுந்தால் தோலை உரிக்கும். கால்பந்துக்கு 50 மில்லிமீட்டர் உயரம் வழக்கம். உங்கள் அளவுக் களத்துக்கும் பிள்ளைகள் வயதுக்கும் 40 தாராளமாகப் போதும். நான்கைந்து இழைகளை விரலால் சுற்றி இழுத்துப் பாருங்கள், வேரோடு வரக்கூடாது. அடித்துணியில் துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு கப் தண்ணீரை மேலே ஊற்றிச் சோதியுங்கள்.

புல்லுக்கு நடுவில் நிரப்ப சிலிக்கா மணலும் கருப்பு ரப்பர் குருணையும் போடுவார்கள். மணல் புல்லை அமுக்கி நிறுத்தும், ரப்பர் மெத்தென்று இருக்கும். சதுர மீட்டருக்கு 15 கிலோ மணல் என்று வைத்தால் உங்களுக்கு மூன்றரை டன் ஆகும். கடல் மணல் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ரப்பரை முடிந்தமட்டும் குறைக்கச் சொல்லுங்கள். பழைய டயரை அரைத்து எடுப்பது அது. மழையோடு ஒழுகி மண்ணில் சேர்ந்தால் பிறகு பொறுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதிப்படி இத்தகைய குருணைகளை அங்கே 2031க்குப் பிறகு புதிதாக விற்க முடியாது. பக்கத்தில் கிணறும் வாழையும் இருக்கிற நம் ஊர் விளைக்கு அந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும்.

வெயிலையும் சொல்லிவிடுகிறேன். பங்குனி, சித்திரை மத்தியானத்தில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நம் பிள்ளைகள் வெறுங்காலில் பந்து தட்டிப் பழகியவர்கள், அதனால் காலை பத்து மணிக்குப் பிறகு மாலை நாலு மணி வரை களத்தைப் பூட்டிவிடுங்கள். தண்ணீர் தெளித்தால் சூடு கொஞ்ச நேரம்தான் குறையும்.

வலைக்கம்பம் விஷயத்தில் 2017 நவம்பர் 30ஆம் தேதியை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள். ஓக்கிப் புயல் அடித்த அன்று மின்கம்பங்களும் ரப்பர் மரங்களும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று மறக்க முடியாது. வலை காற்றைப் பிடிக்கும். மிக உயரமான கம்பம் வேண்டாம், வீட்டுக் களத்துக்கு 15 அடி போதும். அடியில் நல்ல காங்கிரீட் அடித்தளமும், புயல் அறிவிப்பு வந்தால் அவிழ்த்து இறக்கக்கூடிய கயிற்று வலையும் இருக்கட்டும். கம்பம் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜிஐ ஆகவே இருக்கவேண்டும், உப்புக்காற்று வெறும் பெயிண்ட்டைத் தின்றுவிடும். இன்னொன்று, கோல்போஸ்ட். தூக்கி நகர்த்துகிற இரும்பு கோல்போஸ்ட்டைத் தரையில் பூட்டாமல் வைக்கவே கூடாது. அதில் தொங்கிய பிள்ளைகள்மேல் அது கவிழ்ந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. காண்ட்ராக்டர் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

சரி, பணத்துக்கு வருவோம்.

அவர் காட்டும் 11 சதவீதம், பேங்க் சொல்லும் 14ஐவிடக் குறைவு என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அது ஃப்ளாட் வட்டியா என்று கேளுங்கள். அநேகமாக ஆம் என்றுதான் பதில் வரும். ஃப்ளாட் வட்டி என்றால் நீங்கள் அசலைக் கட்டக் கட்ட வட்டி குறையாது, முதல் நாள் வாங்கிய 11 லட்சத்துக்கே ஐந்து வருடமும் வட்டி போடுவார்கள். 11 லட்சத்துக்கு ஃப்ளாட் 11 சதவீதத்தில் 5 வருட வட்டி 6,05,000 ரூபாய். மாதத் தவணை 28,417. அதே 11 லட்சத்தைப் பேங்கில் 14 சதவீதத்தில், குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்ற முறையில் எடுத்தால் தவணை சுமார் 25,600, மொத்த வட்டி ஏறத்தாழ 4,36,000. குறைவாகத் தெரிந்த 11தான் 1,69,000 ரூபாய் அதிகம் வாங்குகிறது. அந்த ஃப்ளாட் 11ஐப் பேங்க் கணக்கில் மாற்றினால் 19 சதவீதத்தை ஒட்டி வரும். 2024 அக்டோபர் 1 முதல் இத்தகைய கடன்களுக்கு வங்கியும் ஃபைனான்ஸ் கம்பெனியும் கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட் என்ற விவரத்தாளை, கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி அதில் ஏபிஆர் என்ற வரியில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேளுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் நீங்கள் 11 லட்சம் கடன் வாங்கவே தேவையில்லை. அளவைக் குறைத்ததால் அவருடைய விலையிலேயே 7,05,600 ரூபாய்தான் வருகிறது. நல்ல அடித்தளத்துக்கும் வடிகாலுக்கும் கூடுதலாகச் சேர்த்து 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆவணி மண்வேலைக்கு 3 லட்சம் கையிருப்பிலிருந்து எடுங்கள், 1 லட்சத்தைத் தொடாதீர்கள். மாதம் 25,000 தவணை கட்டத் தயாராக இருந்த நீங்கள் தை வரை ஐந்து மாதம் 20,000 வீதம் ஒதுக்கினால் அதுவே 1 லட்சம். மீதிக்கு வாங்கவேண்டியது 4 லட்சம்தான். 14 சதவீதத்தில் 3 வருடம் என்றால் தவணை 13,671 ரூபாய், மொத்த வட்டி சுமார் 92,000. நாலு லட்சத்து முப்பத்தாறாயிரம் எங்கே, இது எங்கே.

மூன்று வருடத்துக்குமேல் இழுக்கவேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல பராமரிப்பிலும் இந்தப் புல் ஏழெட்டு வருடம்தான். மூத்தவன் இன்னும் நாலைந்து வருடத்தில் படிக்க வெளியூர் போய்விடுவான். அவன் விளையாடி முடிக்கும் முன் கடன் தீர்ந்திருக்கவேண்டும். அப்புறம், வளைகுடா வேலையை நம்பி ஐந்து வருடத் தவணை போடுவது எவ்வளவு பயமான காரியம் என்று நம் ஊரில் எத்தனையோ வீடுகளுக்குத் தெரியும். நகைக்கடன் எடுக்கலாமா என்று யோசித்தால், வட்டி குறைவாகக் கிடைக்கலாம், ஆனால் பெரும்பாலும் ஒரு வருடத்தில் முழுவதும் திருப்பவேண்டும். வருடக் கடைசியில் உறுதியாக ஒரு தொகை வரும் என்றால் மட்டும் எடுங்கள். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால் நகை வீட்டுக்கு வராது.

வாடகை யோசனையை நான் மறுக்கிறேன். மணிக்கு 800, தினம் 4 மணி நேரம், மாதம் 96,000 என்று அவர் தாளில் எழுதிக் காட்டியிருப்பார். இடவப்பாதியில் யார் வருவார்கள்? பரீட்சை மாதத்தில்? 36 அடி அகலக் களத்துக்குப் பெரிய பையன்கள் காசு கொடுத்து வரமாட்டார்கள், அவர்களுக்குப் பெரிய களம் வேண்டும். வாடகைக்கு விட்டால் அது தொழில். மின் இணைப்பு வணிகக் கட்டணத்துக்கு மாறவேண்டும், உள்ளாட்சி உரிமம், கழிப்பறை, வண்டி நிறுத்த இடம், அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி, இரவுச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டின் முறையீடு எல்லாம் கூடவே வரும். கணவர் வெளிநாட்டில் இருக்கும்போது, தினமும் ராத்திரி முகம் தெரியாதவர்கள் வீட்டுக் கேட்டைத் திறந்து வருவது உங்களுக்குச் சரிப்படுமா என்பதையும் யோசியுங்கள். உங்கள் பையன்களின் கூட்டுக்காரர்கள் சும்மா வந்து விளையாடட்டும். இரவியபுத்தன்துறையில் கடற்கரை மணலில் பந்து தட்டிய கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ், ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரை போனவர். அந்த மணலுக்கு யாரும் மணிக்கணக்கில் வாடகை வாங்கவில்லை.

விளக்கு சின்னச் செலவுதான். 200 வாட் எல்இடி ஆறு போட்டுத் தினம் இரண்டு மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். பக்கத்து வீட்டு ஜன்னலில் அடிக்காதபடி தலையைக் கீழே சாய்த்து வையுங்கள். பராமரிப்புக்கு வாரம் ஒருமுறை விறைப்பான துடைப்பத்தால் இழைகளை எதிர்த்திசையில் தூக்கிவிட்டால் போதும். கையாலை ஓரத்தில் பலா மரம் நின்றால் நிழலில் பாசி பிடிக்கும், அந்தப் பக்கம் மட்டும் கவனம் வேண்டும்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும். மண்வேலை, புல், வலை, விளக்கு நான்குக்கும் தனித்தனி விலை, ஜிஎஸ்டி உட்பட. உத்தரவாதம் இழையின் நிறத்துக்கு மட்டுமா, இணைப்புக்கும் தரை அமுங்குவதற்கும் சேர்த்தா என்பது. மூன்றாவதாக, மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை, புல் விரித்த பிறகு வரும் முதல் இடவப்பாதி கழிந்த பின்னர்தான் தருவீர்கள் என்பது. நேர்மையாக வேலை செய்கிறவர் இதற்கு ஒத்துக்கொள்வார். நான் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

யாருக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். விளையில் மிகவும் தாழ்ந்த மூலையில் இரண்டடி ஆழத்துக்கு, ஓர் அடி அகலத்தில் குழி வெட்டுங்கள். அதில் தண்ணீர் நிரப்பி வற்றவிட்டு, மறுநாள் காலையில் திரும்ப நிரப்பி, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று பையன்களைக் கடிகாரத்தோடு உட்காரவையுங்கள். ஒரு மணி நேரத்தில் வற்றினால் சாதாரண உறிஞ்சு குழியே போதும். சாயங்காலம் வரை தண்ணீர் நின்றால் அடியில் களிமண், வடிகாலை ரோட்டு ஓடை வரை கொண்டுபோக வேண்டிவரும், செலவும் மாறும். அந்த நேரத்தையும், குழிக்குள் தெரிந்த மண்ணின் நிறத்தையும் எனக்கு எழுதுங்கள். வடிகாலின் அளவை அதற்கப்புறம் குறித்துத் தருகிறேன்.